தேருக்கு முன்னால் ஒரு கரவன்

டார்னெய்ட்டில் கபிலன்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். வரி பார்க்கிற கபிலன் ஒருவர், தோசைக்கடைக் கபிலன் ஒருவர். நம்முடைய ஆள் பஸ் கபிலன். பதினான்கு வருடமாக மெல்பனின் மேற்குப் பக்கத்தில் நகர பஸ் ஓட்டுகிறான். இரண்டு பக்கமும் கார்கள் அடுக்கி நிற்கிற தெருவுக்குள்ளால், பன்னிரண்டு மீற்றர் நீளமான பஸ்ஸை, பயணியின் கையிலிருக்கும் கோப்பி சிந்தாமல் கொண்டுபோவான். கலியாண மண்டபத்தில் யாருடைய காராவது நெருக்கத்துக்குள் மாட்டிக்கொண்டால், "பஸ் கபிலனைக் கூப்பிடு" என்பார்கள். அவன் வந்து திறப்பை வாங்கி, இரண்டே வெட்டில் காரை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரிப் போய் வடையை எடுத்துக் கடிப்பான். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்வது.

பஸ் இல்லாத நாட்களில் அவன் கூடாரக்காரன். மகள் வினுஷா தவழ்ந்த காலத்திலிருந்து ஒவ்வொரு பள்ளிக்கூட விடுமுறைக்கும் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கடலோரம், மலையோரம் என்று புறப்பட்டுவிடுவான். ஆறு பேர் படுக்கும் கூடாரத்தைப் பதினேழு நிமிடத்தில் அடித்து நிறுத்துவான். நேரத்தை அவனே பார்த்து அவனே சொல்லுவான், மற்றவர்கள் கேட்காவிட்டாலும்.

மனைவி ராகவிக்கும் வெளியூர் போவது பிடிக்கும். பிடிக்காதது நிலம். முதியோர் இல்லமொன்றில் வேலை. நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கி இருத்தி, இருத்தித் தூக்கி இடுப்பில் நாரி பிடித்துப்போன மனுஷி. காற்றடித்த மெத்தை மாலையில் மெத்தையாக இருக்கும், விடிகிற நேரம் வெறும் சீலையாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பல வருடம் படுத்தாள். போன வருடத்துக்கு முந்திய தை மாதம், கடற்கரையோரம் ஒரு முகாமில், விடியற்காலை அடித்த காற்றில் கூடாரத்தின் ஒரு பக்கம் பிய்ந்துகொண்டு போனது. கம்பைக் கட்டிப் பிடித்தபடி, நனைந்த தலையோடு அவள் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, சொல்லிப்போட்டன். இனி நான் நிலத்தில படுக்கமாட்டன். காம்பிங் வேணுமெண்டா கட்டிலோட வாங்கோ."

அப்படி வந்ததுதான் கரவன், காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற வீட்டு வண்டி. பதினான்கு அடி, வெள்ளை, இடுப்பில் பச்சைக் கோடு. பக்கஸ் மார்ஷ் பக்கத்தில் வயதான ஓர் ஒஸ்ரேலியத் தம்பதி, இனி மகளோடு இருக்கப்போகிறோம் என்று விற்றார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, அடுப்போடு ஒரு சின்னக் குசினி. ராகவி ஏறியதும் நேரே கட்டிலில் போய்ப் படுத்துப் பார்த்தாள். விற்கிற மனிசி சிரித்தபடி கதவைச் சாத்திவிட்டார். இரண்டு நிமிடம் சத்தமில்லை. வெளியே வந்தவளின் முகத்தைக் கண்டதும், விலை பேசுவதில் பிரயோசனமில்லை என்று கபிலனுக்கு விளங்கிவிட்டது.

"வீட்டுப் பக்கவாட்டில விடுவம்," என்றாள் திரும்பி வரும்போது. "வேலையால வந்து பின்னேரத்தில அரை மணித்தியாலம் உதுக்குள்ள போய்ப் படுப்பன். கதவைச் சாத்திப்போட்டு. ஒருத்தரும் என்னைக் கூப்பிடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

இங்கேதான் கபிலன் மாட்டிக்கொண்டான். கேற்றைத் திறந்து பக்கவாட்டில் விடுவதென்றால் தெருவிலிருந்து கரவனைப் பின்பக்கமாக உள்ளே தள்ளவேண்டும். அவனுக்கு அது தெரியாது.

சிரிக்கவேண்டாம், அதில் நியாயம் இருக்கிறது. பஸ் ஓட்டுகிறவன் முன்னுக்குத்தான் போகிறவன். அவனுடைய டிப்போவில் றிவேர்ஸ் எடுக்க விடவே மாட்டார்கள். வழி தவறிப் போய் எங்காவது முட்டுச்சந்தில் நின்றாலும், றேடியோவில் சொல்லி, ஒரு ஆள் வந்து பின்னால் நின்று கைகாட்டினால்தான் அசையலாம். காரைப் பின்னால் எடுப்பதில் அவன் சூரன்தான். ஆனால் காருக்குப் பின்னால் ஒரு கரவன் கொழுவியிருந்தால் கதை வேறு. ஸ்ரேறிங்கை வலப்பக்கம் வெட்டினால் கரவன் இடப்பக்கம் போகும். இடப்பக்கம் வெட்டினால் வலப்பக்கம். பதினான்கு வருடமாகக் கை பழகிய அத்தனையும் அங்கே பிழை.

வாங்கிய கிழமையே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பண்டகசாலைகள் பூட்டிக் கிடக்கும் தெருவொன்றில் தனியாகப் போய் முயன்று பார்த்தான். ஐந்தாவது தடவை கரவன் மடங்கிக் காரின் பின்புறத்தில் முட்டி நின்றது. பம்பரில் ஒரு நெளிவு. ஒரு கிழவர் நாயோடு நின்று கடைசிவரை பார்த்துவிட்டு, கையை உயர்த்தி வாழ்த்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து, சுப்பர்மார்க்கெட்டில் யாரோ ட்ரொலியால் இடித்துவிட்டார்கள் என்றான். அது முதல் பொய். கரவனை வீட்டில் விடக் கவுன்சில்காரர் சம்மதிக்கமாட்டார்களாம் என்றான். அது இரண்டாவது. எதிர்வீட்டு வாசலில் ஒரு கரவன் ஆறு வருடமாக நிற்கிறதே என்று ராகவி கேட்டாள். அவர்கள் விசேஷ அனுமதி எடுத்திருக்கிறார்கள் என்றான். பொய் பிள்ளை பெறத் தொடங்கினால் இப்படித்தான். வெரிபி பக்கத்தில் கரவன்கள் நிறுத்தும் ஒரு யார்டில், ஒரு வாசலால் போய் மறு வாசலால் வரக்கூடிய இடமாகப் பார்த்து விட்டுவைத்தான்.

ஒரு வருடம் அப்படியே ஓடியது. நான்கு பயணம் போனார்கள். ஒவ்வொரு தடவையும் முகாமுக்கு முன்கூட்டியே ரெலிபோன் எடுத்து, முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறக்கூடிய இடம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினான். பெற்றோல் அடிக்க லொறிகள் நிற்கிற பெரிய நிலையங்கள்தான். வழியில் தேத்தண்ணி குடிக்க எங்கே நிறுத்துவது என்பதைக்கூட முதல் நாளே கணினியில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துத் தீர்மானித்தான். "பஸ் கபிலனெண்டா பஸ் கபிலன்தான், என்ன பிளானிங்!" என்று கூட வந்த சிநேகிதர்கள் மெச்சினார்கள். அவன் பணிவாகத் தலையாட்டினான். உள்ளுக்குள் ஒவ்வொரு பயணமும் சோதனை எழுதுகிற மாதிரி இருந்தது. ராகவி கட்டிலில் நன்றாகத் தூங்கி எழுந்து, நாரியைப் பிடிக்காமல் நடந்து வருகிறபோது மட்டும் எல்லாம் மறந்துபோகும்.

ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கோயில்.

புது வாகனம் வாங்கினால் பூசை போடாமல் அவர்கள் வீட்டில் எதுவும் உருண்டதில்லை. கார் கோயிலுக்குப் போனது. வினுஷாவின் மூன்று சில்லுச் சைக்கிள்கூடத் தேசிக்காய் நசித்துவிட்டுத்தான் தெருவில் இறங்கியது. கரவனுக்கு மட்டும் ஒரு வருடமாக நாள் சரிவரவில்லை. ஒரு மாதம் அவனுக்கு வேலை, ஒரு மாதம் ஐயர் ஊரில் இல்லை, ஒரு மாதம் அட்டமி நவமி. உண்மைக் காரணம், கோயில் கார் பார்க். நெருக்கடியான இடம். ராகவிக்கோ கரவனில் எது பழுதானாலும் அதே பாட்டு. தண்ணிக் குழாய் ஒழுகியது. "பூசை போடாத வாகனம்." குளிர்ப்பெட்டி நின்றது. "பூசை போடாத வாகனம்." வினுஷா தடுமாறித் தொப்பென்று படியிலிருந்து விழுந்தபோது, ராகவி பார்த்த பார்வையில் கபிலன் குனிந்த தலை நிமிரவில்லை.

கடைசியில் ராகவி தானே ஐயரைக் கேட்டு நாள் எடுத்துவிட்டாள். மாசி மாதச் சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. தப்ப வழியில்லை. கபிலன் புதன்கிழமையே வேலை முடிந்து போய்க் கோயிலைச் சுற்றி நடந்து பார்த்தான். கோயிலின் வலப்பக்கத்து ஒடுங்கிய பாதையால் போய், பின்பக்கத் தேர்க்கொட்டகையைச் சுற்றி, இடப்பக்கத்தால் வெளியே வரலாம். அடியால் அளந்தான். கரவன் தாராளமாகப் போகும். அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலை, கரவனைக் கொழுவிக்கொண்டு, பட்டுச்சேலையில் ராகவியும் காதில் பாட்டுக் கேட்கிற கம்பி செருகிய வினுஷாவும் கூட வர, வலப்பக்கப் பாதையால் நுழைந்தான். பின்மூலையில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தான்.

எதிரே தேர் நின்றது.

அடுத்த கிழமை கொடியேற்றமாம். தேரைக் கழுவிப் பூசக் கொட்டகைக்கு வெளியே எடுத்து, பாதைக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கத்துச் சில்லைக் கழற்றி, ஜாக்கியில் ஏற்றியிருந்தார்கள். சுற்றி இருபது இருபத்தைந்து ஆட்கள், சாரத்தை மடித்துக் கட்டியபடி, கையில் தூரிகையும் வாளியுமாக. கோயில் சபையில் கார் பார்க்குக்குப் பொறுப்பான சிறி அண்ணை, ஒளிரும் மஞ்சள் மேலங்கியோடு கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, பின்னேரம் வரைக்கும் தேர் அசையாது. நீர் இதில நிண்டு பூசையை முடிச்சுப்போட்டு அப்பிடியே பின்னால எடும். பஸ் ஓடுற ஆளுக்கு இதென்ன!"

கபிலன் சிரித்தான். சிரித்தான் என்று சொல்ல முடியாது, பல்லைக் காட்டினான்.

பூசை நடந்தது. ஐயர் கரவனின் முன்கண்ணாடிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, கதவில் திருநீற்றுக் குறி இழுத்து, தேங்காயை உடைத்தார். சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்துவிட்டு நிமிர்ந்தவர், அப்போதுதான் தேரைக் கவனித்தார். கொஞ்சம் யோசித்தார். குனிந்து தேசிக்காய்களை எடுத்து, சில்லுகளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"எந்தப் பக்கமெண்டாலும் பரவாயில்லை. தேசிக்காய் நசியோணும், அவ்வளவுதான். ஏறி எடுங்கோ."

கபிலன் ஏறினான். தூரிகை பிடித்த ஆட்கள் எல்லோரும் தேரை விட்டுவிட்டுக் கரவனுக்குப் பின்னால் போய் நின்றார்கள். இலவசப் புத்தி சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தால் நம்மவர் விடுவார்களா?

"றைற்றில வெட்டு! றைற்றில வெட்டு!"

"அவற்ர கதையைக் கேட்காத தம்பி, லெஃப்ற்றில முழுக்கப் பிடி!"

"வா, வா, வா, வா... நில்லு!"

பிரசாதத் தட்டோடு வந்த பவளம் அன்ரிகூட, வாழ்நாளில் கார் ஓட்டாதவர், "மெல்ல, மெல்ல, மதில், மதில்" என்று கத்தினார். தேசிக்காயை நெருங்குவதற்குள் கரவன் நெளிந்து கோயில் மதில் பக்கம் சாய்ந்தது. முன்னுக்கு எடுத்தான். திரும்பவும் பின்னால். இந்த முறை வேலிப் பக்கம். மூன்றாவது தடவை மாலை மதிலில் உரசிப் பூக்கள் கொட்டின. சிறி அண்ணையின் விசில் நிற்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் முப்பது கைகள் முப்பது திசையைக் காட்டுகின்றன. அவற்றுக்கு நடுவே ராகவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கியபடி நின்றாள்.

கபிலனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம். கரவனில் கீறல் விழும் என்றல்ல. இத்தனை பேருக்கு முன்னால் பஸ் கபிலன் என்ற பெயர் போகிறது, அது போகட்டும். அவளுக்கு ஒரு வருடமாகச் சொன்ன பொய்கள் எல்லாம் இதோ இந்தப் பாதைக்குள் வரிசையாக வந்து நிற்கின்றன. எஞ்சினை நிறுத்தினான். இறங்கிப் போய் அவளுக்கு முன்னால் நின்றான்.

"ராகவி, எனக்கு இதைப் பின்னால எடுக்கத் தெரியாது."

விசில் நின்றது.

"தெரியாதோ, இண்டைக்கு ஏலாமக் கிடக்கோ?" என்றாள் அவள்.

"ஒரு நாளும் தெரியாது."

அவள் மெல்ல மெல்லக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப கவுன்சில்?"

"பொய்."

"எதிர்வீட்டுக்காரரின்ர விசேஷ அனுமதி?"

"அதுவும் பொய்."

"பம்பரில ட்ரொலி இடிச்சது?"

"நான்தான் இடிச்சனான்."

"அட்டமி நவமி?"

"அது... ஒரு மாசம் உண்மையா அட்டமிதான்."

வினுஷா காதிலிருந்த கம்பியைக் கழற்றிவிட்டாள். "ஓ மை கோட், டாட்," என்றாள் மெதுவாக.

ராகவியின் கண் கலங்கியிருந்தது. "ஒரு வருஷமா அது அந்த யார்டுக்குள்ள நிக்குது. அரை மணித்தியாலம் படுக்கத்தானே கேட்டனான்? தெரியாதெண்டு சொல்லியிருந்தா நான் என்ன உங்களைத் திண்டிருப்பனே?"

சுற்றி நின்றவர்கள் தூரிகைகளைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். சிறி அண்ணை விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, அவரைப் பேசாதையும். எனக்கும் உது வராது. நான் போட் ஒண்டு வச்சிருந்தனான். ட்ரெய்லரில வச்சுத் தண்ணிக்குள்ள பின்னால இறக்கத் தெரியாமத்தான் வித்தனான். மனிசிக்குக் கடல் ஒத்துவரேல்லை எண்டு சொல்லி வச்சிருக்கிறன்."

"நான் குப்பை கொட்டுற ட்ரெய்லரைக் கழற்றிக் கையாலதான் திருப்புறனான்," என்றார் "றைற்றில வெட்டு" என்று கத்தியவர். "லெஃப்ற்றில பிடி" என்றவர் எதுவும் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தார். அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவருக்கும் தெரியாதாம். முப்பது கைகளில் ஒரு கைக்குக்கூடத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் ஒருவருக்கு அந்த எண்ணம் வந்தது. தேருக்குக் கட்டை போடுகிற முரளிதரன். சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அவருக்குப் பல் வைத்தியம் தொழில்.

"கழற்று தம்பி கரவனை," என்றார். "அந்த ரெண்டு மாடி உயரத் தேரை இழுக்கிறம். இந்தப் பெட்டியை இழுக்கமாட்டமே?"

கரவனைக் கழற்றினார்கள். முன்பக்கச் சின்னச் சில்லில் அதை நிறுத்தி, பிடிக்க இரண்டு பேர். கழுவிக் காயப்போட்டிருந்த தேர்வடத்தில் ஒன்றை எடுத்து வந்து பின்னால் கட்டினார்கள். பத்துப் பேர் வடத்தில், பத்துப் பேர் முன்னாலிருந்து தள்ள. முரளிதரன் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடி, நெளிகிற பக்கத்துச் சில்லுக்குக் கட்டையைச் செருகினார். யாரோ பழக்கதோஷத்தில் "அரோகரா" என்று குரல் கொடுக்க, இருபது குரல் திரும்பி வந்தது. தேசிக்காய் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நசிந்தன. மாலையும் சந்தனப் பொட்டுமாகக் கரவன் பின்பக்கமாகவே, மதிலில் ஒரு கீறல் படாமல், ஒடுங்கிய பாதை முழுக்க வலம் வந்து முன் வாசலில் நின்றது. கும்பிட வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, என்ன சாமி என்று விசாரிக்காமலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கபிலனும் வடம் பிடித்தான். அவனுக்குப் பக்கத்தில் வந்து ஒரு கை பிடித்தது. ராகவி. அவள் அவனைப் பார்க்கவில்லை, ஆனாலும் அவன் பக்கத்து வடத்தைத்தான் பிடித்தாள்.

இரண்டு நாள் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். உப்பு எடுங்கோ, குப்பை வையுங்கோ. செவ்வாய்க்கிழமை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்கட பஸ் டிப்போவில பின்னால நிண்டு கைகாட்டுற ஆள் என்னதான் செய்யிறவர்?" என்று கேட்டாள்.

கபிலன் கதிரையை இழுத்துப்போட்டு விளக்கமாகச் சொன்னான். கைகாட்டுகிறவர் ஒரே ஒரு ஆள். இரண்டாவது ஆள் வாயே திறக்கக்கூடாது. அந்த ஆள் எப்போதும் கண்ணாடியில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் உடனே நிறுத்தவேண்டும். அவர் கையை உயர்த்தினால் ஏன் என்று கேட்காமல் நிற்கவேண்டும்.

"ஏன் எண்டு கேக்கக்கூடாதோ?" ராகவிக்கு அந்த விதி நன்றாகப் பிடித்துவிட்டது.

அடுத்த ஞாயிறு காலை, ரயில் நிலையத்தின் வெறும் கார் பார்க்கில் தொடங்கினார்கள். இதுவரை கபிலன் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதுகூட அவனுக்கு இடைஞ்சல். "நீர் பேசாம இரும், நான் பாக்கிறன்" என்பதுதான் பதினாறு வருடப் பாட்டு. இப்போது செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே நின்று அவள் கையைக் காட்ட, அவன் கேட்டான். முதல் ஞாயிறு இரண்டு கூம்பு நசிந்தது. இரண்டாவது ஞாயிறு சண்டை. மூன்றாவது ஞாயிறு, ஸ்ரேறிங்கை அடிப்பக்கத்தில் பிடித்தால் கை போகிற பக்கமே கரவனும் போகும் என்று யாரோ சொன்னதை ராகவி கேட்டுவந்து சொன்னாள். அதற்குப் பிறகு ஓரளவு வசப்பட்டது. நேர்கோடு அல்ல, சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற ஆள் மாதிரி, ஆனால் போனது.

ஆறாவது ஞாயிறு கரவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தெருவுக்கு நடுவே நிறுத்தி, பக்கவாட்டுக் கேற்றை வினுஷா திறந்து பிடித்தாள். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டு, உதவி செய்யவா என்று கைச்சைகையால் கேட்டபடி வந்தார். ராகவி அவருக்குக் கையை உயர்த்தினாள். அவர் ஏன் என்று கேட்காமல் நின்றுவிட்டார்.

கபிலன் கண்ணாடியைப் பார்த்தான். ஒரே ஒரு ஆள். வீட்டு உடுப்போடு, கொண்டை போட்டுக்கொண்டு, இடக்கையை மெல்ல மெல்ல அசைத்தபடி. இருபத்தைந்து நிமிடம். இடையில் ஏழு தடவை முன்னுக்கு எடுத்தான். தெருவில் இரண்டு கார் பொறுமையாகக் காத்திருந்தன, மூன்றாவது பொறுமை இல்லாமல் ஹோர்ன் அடித்தது. அவன் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் அவள் உள்ளங்கையை நேரே உயர்த்தினாள். நிறுத்தி, இறங்கிப் பார்த்தான். குசினி யன்னலுக்கு நேரே கரவனின் கதவு. வேலிக்கும் அதற்கும் இடையில் இரண்டு சாண். சில்லில் ஒட்டிக் காய்ந்திருந்த தேசிக்காய்த் தோல் இன்னமும் போகவில்லை.

"பதினேழு நிமிஷம் இருக்குமோ?" என்றான்.

"வாயை மூடுங்கோ," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள் ராகவி. கூம்புகளை அவன் கையில் கொடுத்தாள். படியேறி உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

கால் மணித்தியாலம் கழித்து வினுஷா வெளியே வந்தாள். "அம்மா எங்க? ஆர் வீ கோயிங் சம்வெயர்?"

கபிலன் கரவன் படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து மெல்லிய குறட்டைச் சத்தம் கேட்டது.

"ஷ்ஷ்," என்றான். "ஒரு இடமும் போகேல்லை. அம்மாவை அரை மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் கூப்பிடக்கூடாது."